அழுகண்ணியின் பூவும் விதையும்

பூச்சிகளைப் பிடித்து உண்ணும் செடிகளுள் பனித்துளிச்செடி என வழங்கும் டிரோசிராவைத் தொட்டியில் வளர்ப்போர் எவருக்கும், செடியின் நடுவிலிருந்து மெல்லிய பூந்தண்டு ஒன்று தலைகாட்டியதும், அதை வளரவிடுவதா, கிள்ளி எறிவதா என்ற கேள்வி எழுந்தே தீரும். பூப்பது செடியின் வலிமையை உறிஞ்சிவிடும், ஆகவே தண்டைக் கிள்ளிவிட வேண்டும் என்பது வளர்ப்போரிடையே பரவலாக உள்ள அறிவுரை. குளிர்நாடுகளில் பல ஆண்டுகள் வாழும் இனங்களையும் வீனஸ் பூச்சிப்பொறிச் செடியையும் மனத்தில் கொண்டு சொல்லப்பட்ட அந்த அறிவுரை, தமிழகத்தின் சமவெளியிலும் அடிவாரத்திலும் இயல்பாக வளரத்தக்க ஒருபருவ இனங்களுக்குப் பொருந்தாது என்பதோடு, அவற்றுக்குக் கேடாகவும் முடியும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவை ஒட்டி, வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊர்களில் இச்செடியை வளர்க்க விரும்புவோர், இலையைக் காட்டிலும் பூவையும் விதையையும் பற்றியே முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

டிரோசிரா இனங்கள் உலகில் ஏறத்தாழ 250 உள்ளன. அவற்றுள் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவுக்கு உரியவை. தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைந்த, நீர் கசியும் மணலிலும் செம்புரை நிலத்திலும் ஈரப்பாறைகளிலும் வளரும் இச்செடிகள், மண் தராத சத்தைப் பூச்சிகளிடமிருந்து பெறுகின்றன. இலையின் மேற்புறம் முழுதும் நீண்டிருக்கும் சுரப்பி மயிர்கள் ஒவ்வொன்றின் நுனியிலும் பசைத்துளி ஒன்று நிற்கும். அதில் ஒட்டிக்கொண்ட சிறு பூச்சி துடிக்கத் துடிக்க அருகிலுள்ள மயிர்களும் அதன்மேல் வளைந்து அழுத்த, சுரக்கும் செரிமானப் பொருள்கள் அதைக் கரைத்து, கரைந்த சத்தை இலையே உறிஞ்சிக்கொள்கிறது.

இந்தியாவில் மூன்று வகைகள் நெடுங்காலமாக அறியப்பட்டவை. நிமிர்ந்த தண்டும் நூல்போன்ற நீண்ட இலைகளும் உடைய டிரோசிரா இண்டிகாவுக்கு 1753-இல் லின்னேயஸ் பெயரிட்டார். தரையோடு தரையாகச் சிறு வட்டமாகப் படர்ந்து, ஆப்பு வடிவ இலைகளைக் கொண்டிருக்கும் டிரோசிரா பர்மன்னி, 1737-இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி நூல் எழுதிய டச்சுத் தாவரவியலாளர் யோகன்னஸ் பர்மனின் பெயரைத் தாங்கி, 1794-இல் வால் என்பவரால் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. மூன்றாவது, பிறைவடிவ இலைகளுடன் நீலகிரி, கொடைக்கானல் முதலிய உயர்மலைப் புல்வெளிகளில் காணப்படுவது. பழைய நூல்களில் டிரோசிரா பெல்டேட்டா என்று குறிக்கப்பட்ட இதனை அண்மைக்கால வகைப்பாட்டாளர்கள் டிரோசிரா லுனாட்டா எனப் பிரித்துக் கூறுகின்றனர். சித்த மருத்துவ வழக்கில் தொழுகண்ணியோடு இணைத்துச் சொல்லப்படும் அழுகண்ணி இச்செடிகளே என்று கொள்வோர் பலர். உவர்நிலத்தில் வளரும் கிரெசா என்னும் வேறொரு பூண்டுக்கு அப்பெயரைத் தருவோரும் உண்டு. இக்கட்டுரையில் அழுகண்ணி என்பது டிரோசிராவையே குறிக்கிறது.

இம்மூன்றும் கோடையைக் கடக்கும் வழியில் வேறுபடுகின்றன. வளர்ப்போர் எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாம் இந்த வேறுபாட்டையே சார்ந்துள்ளன. மலையில் வளரும் லுனாட்டா, மண்ணுக்கடியில் பட்டாணி அளவிலும் அதனினும் சிறிதாகவும் உள்ள கிழங்கில் உணவைச் சேர்த்துவைத்து, மேற்பகுதி முழுதும் காய்ந்தபின் அக்கிழங்கில் உறங்கிக் கிடந்து, மழை வந்ததும் துளிர்க்கிறது. இண்டிகாவுக்கும் பர்மன்னிக்கும் அத்தகைய சேமிப்பு எதுவும் இல்லை. அவை பெரும்பாலும் ஒருபருவச் செடிகளாகவே வாழ்ந்து, ஈரம் உள்ள சில மாதங்களுக்குள் முளைத்து, வளர்ந்து, பூத்து, விதையைக் கொட்டிவிட்டு மடிகின்றன. கோடையில் அந்த இனம் உயிரோடிருப்பது விதையாக மட்டுமே. ஆகவே பர்மன்னியின் பூந்தண்டைக் கிள்ளுபவர் செடியின் ஆயுளை நீட்டிவிட்டதாக எண்ணிக்கொள்ளலாமேயொழிய, அடுத்த ஆண்டுக்கான தம் தொட்டியை அவரே காலியாக்கிவிடுகிறார்.

பூவின் அமைப்பைப் பார்த்தால், பூச்சியின் உதவி கிடைக்காமற்போனாலும் விதை உருவாவதற்கு இச்செடி எவ்வளவு முன்னேற்பாடு செய்திருக்கிறது என்பது விளங்கும். பூந்தண்டின் நுனி தொடக்கத்தில் உட்புறமாகச் சுருண்டிருக்கும். அடியிலுள்ள மொட்டு முதலில் மலர, சுருள் சிறிது சிறிதாக அவிழ்ந்து அடுத்தடுத்த மொட்டுகளை மேலே கொண்டுவருகிறது. ஒரு தண்டில் ஒரு நாளில் மலர்வது பொதுவாக ஒரு பூ, மிகுந்தால் இரண்டு. ஐந்து இதழ்களும் ஐந்து மகரந்தத்தாள்களும் உடைய அந்தப் பூ வெயில் ஏறும்போது விரிந்து, சில மணி நேரத்தில், பெரும்பாலும் நண்பகலுக்குப் பின், மூடிக்கொள்கிறது. மறுநாள் அது விரிவதில்லை. சூல்தண்டுகள், அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண்பாகத்தின் கிளைகள், இண்டிகாவில் மூன்றாகத் தோன்றி ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து ஆறுபோல் தெரியும். பர்மன்னியில் பிளவுபடாத ஐந்து சூல்தண்டுகள் இருக்கும். கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி உள்ளவர் இலையைப் பாராமலே இவ்விரு இனங்களையும் இதைக்கொண்டு பிரித்துவிடலாம்.

இதழ்கள் மூடும்போதுதான் முக்கியமான செயல் நடைபெறுகிறது. சுருங்கும் இதழ்கள் மகரந்தப்பைகளை உள்நோக்கித் தள்ளிச் சூல்முடியின்மேல் அழுத்துவதால், காலையில் எந்த ஈயும் தேனீயும் வராதுபோயினும், அப்பூவின் மகரந்தமே அப்பூவின் சூலகத்தை அடைந்துவிடுகிறது. இதுவே தன்மகரந்தச் சேர்க்கை. மழைமூட்டம் நீடிக்கும் நாள்களில் மொட்டு விரியாமலே உள்ளுக்குள் இச்சேர்க்கை நிகழ்ந்து விதை உருவாவதும் சில இனங்களில் உண்டு. நாள்கணக்கில் வெயிலே காணாத தொட்டியிலும் காய்கள் பருத்து நிற்பதைக் கண்டு வியப்போருக்கு இதுவே விடை. எனவே இண்டிகாவையும் பர்மன்னியையும் வளர்ப்போர் தூரிகை எடுத்து மகரந்தம் தடவ வேண்டிய தேவை ஏதுமில்லை. பூந்தண்டை அசைக்காமல் விட்டுவைத்தால் போதும்.

இலையிலிருந்து வெகு உயரத்தில் பூ நிற்பதற்கு ஒரு விளக்கம் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவந்தது: மகரந்தம் கொண்டுவரும் பூச்சியையே செடி பிடித்துத் தின்றுவிடாதிருக்க, பொறியையும் பூவையும் தொலைவில் வைத்திருக்கிறது என்பது அது. கேட்பதற்கு மிகப் பொருத்தமாக இருந்தாலும் இந்த விளக்கம் முழுமையானதன்று. தென்னாப்பிரிக்க இனங்களை ஆராய்ந்த புரூஸ் ஆண்டர்சன் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட தண்டு பூச்சியைக் காப்பாற்றுவதற்காக அன்று, தொலைவிலிருந்தே பூச்சியின் கண்ணில் பூ படுவதற்காகவே உருவாகியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். இலையில் சிக்குபவை பெரும்பாலும் கொசு, சிற்றீ, எறும்பு முதலிய சிற்றுயிர்கள் என்பதால், பூவுக்கு வருபவையும் பொறியில் மாட்டுபவையும் பெரும்பாலும் வெவ்வேறாகவே இருக்கின்றன.

பூச்சி உண்பதற்கும் விதைக்கும் உள்ள தொடர்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட கதை இதைவிடப் பழையது. சார்லஸ் டார்வின் 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டபோது, இலை பூச்சியைச் செரிக்கிறது என்பதை ஒப்புக்கொண்டவர்களிற் சிலர், அதனால் செடிக்கு உண்மையில் நன்மை உண்டா என்று கேட்டனர். பூச்சி கிடைக்காமல் வளர்க்கப்பட்ட செடிகளும் நன்றாகத்தானே இருக்கின்றன என்பது அவர்கள் வாதம். அவருடைய மகன் பிரான்சிஸ் டார்வின் 1877 கோடையில் ஏறத்தாழ 200 வட்டஇலைப் பனித்துளிச்செடிகளைத் தட்டுகளில் நட்டு, ஒவ்வொரு தட்டையும் மரத்தடுப்பால் இரண்டாகப் பிரித்து, பூச்சிகள் அணுகாதவாறு மூடி, ஒரு பாதிக்கு மட்டும் வறுத்த இறைச்சித் துணுக்குகளை இலையில் வைத்துவந்தார். இலைகளின் பசுமையிலும் செடியின் எடையிலும் தெரிந்த வேறுபாடு ஓரளவே. பருவ முடிவில் விதைகளை எண்ணியபோதுதான் உணவு பெற்ற செடிகள் மற்றவற்றைப்போல் இரு மடங்குக்கும் மேலான விதைகளைத் தந்திருப்பதும், அவ்விதைகளின் மொத்த எடை ஏறக்குறைய நான்கு மடங்கை எட்டியிருப்பதும் தெரியவந்தது. 1878-இல் வெளியான இம்முடிவு ஐயங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பூச்சியிலிருந்து பெறும் சத்தைச் செடி தன் உடலைப் பெருக்குவதைவிடத் தன் விதையைப் பெருக்குவதற்கே செலவிடுகிறது என்பது அதன் பொருள்.

விதை வேண்டுவோருக்கு இதில் நடைமுறைப் பயனும் உண்டு. திறந்த மாடியிலோ கிணற்றடியிலோ வைத்த செடிக்குக் கொசுவும் ஈயும் தாமாகவே கிடைக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ப்போர் மட்டும், மொட்டு விடுவதற்கு முந்தைய வாரங்களில், மீன்தொட்டிக்கு இடும் தீவனத்தைப் பொடித்து ஈரப்படுத்திக் கடுகளவு எடுத்து இலைக்கு ஒன்றாக வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் பூஞ்சணம் பிடித்து இலை அழுகிவிடும். மண்ணில் உரமிடுவது எந்நிலையிலும் கூடாது. சத்தற்ற நிலத்துக்கென்றே உருவான வேர்கள் அதைத் தாங்கமாட்டா.

பருத்தியை அறிந்த ஊராருக்கு மகரந்தச் சேர்க்கையைக் கட்டுப்படுத்துவது புதிய செய்தி அன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்குகிறது, எஸ்.வி.பி.ஆர். என்ற எழுத்துகளோடு வெளியான பருத்தி இரகங்கள் அங்கே உருவானவை. வீரிய ஒட்டு விதை உற்பத்தியில், மாலையில் மொட்டின் ஆண்பாகத்தை நகத்தால் நீக்கி, தாள் உறையிட்டு, மறுநாள் காலையில் வேறு இரகத்தின் மகரந்தத்தைத் தடவுவது வழக்கம். டிரோசிராவிலும் கலப்பு செய்ய விரும்புவோர் இதே ஒழுங்கைத்தான் பின்பற்ற வேண்டும் என்றாலும், பூ சில மில்லிமீட்டர் அளவே உள்ளதும், விரிந்து மூடும் காலம் மிகக் குறுகியதும் வேலையைக் கடினமாக்குகின்றன. விடியலில் மொட்டு பிரியத் தொடங்கும்போதே நுண்ணிய இடுக்கியால் மகரந்தப்பைகளை எடுத்துவிட்டு, வெயில் ஏறியபின் மற்றொரு செடியின் பூவைக் கொய்து அதன் மகரந்தப்பைகளைச் சூல்முடியில் மெல்லத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு மகரந்தத்துணுக்கும் நான்கு மணிகள் ஒட்டிய கூட்டமாகவே வெளிவருவதால், சிறிதளவு ஒட்டினாலும் பல சூல்கள் கருவுறப் போதும்.

ஆனால் கலப்பு விதையிலிருந்து வளரும் செடி, தான் விதை தரும் என்று எதிர்பார்க்க முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு ஒட்டோ ரோசன்பெர்க் டிரோசிராவை வைத்துச் செய்த ஆய்வு இதன் காரணத்தை விளக்கியது. வட்டஇலை இனத்தின் உயிரணுவில் 20 நிறப்புரிகளும், நீளஇலை இனத்தில் 40-உம் உள்ளன. இரண்டும் கலந்து பிறந்த செடியில் 30 இருக்கும். மகரந்தமும் சூலும் உருவாகும்போது நிறப்புரிகள் இணைசேர வேண்டிய கட்டத்தில், பத்து இணைகள் உருவாக, எஞ்சிய பத்தும் துணையின்றி நின்று தாறுமாறாகப் பிரிவதை அவர் நுண்ணோக்கியில் கண்டார். கலப்பினங்கள் ஏன் மலடாகின்றன என்ற கேள்விக்குத் தாவர உயிரணுவியலில் கிடைத்த தொடக்ககால விடைகளுள் இதுவும் ஒன்று. இவ்வாறான மலட்டுக் கலப்பினங்கள் இன்று அழகுக்காக விற்கப்படுகின்றன. அவற்றின் பூந்தண்டைத் தயங்காமல் வெட்டிவிடலாம்.

வெட்டத்தக்கவை வேறு சிலவும் உண்டு. நாற்றுப்பண்ணைகளில் மிக எளிதாகக் கிடைக்கும் தென்னாப்பிரிக்கக் கேப்பென்சிஸ் பல்லாண்டு வாழ்வது, தன்மகரந்தச் சேர்க்கையால் கணக்கின்றி விதைப்பது. ஒரு தண்டைக் கவனிக்காமல் விட்டால் அருகிலுள்ள எல்லாத் தொட்டிகளிலும் அதுவே களையாக முளைக்கும். வெட்டிய அதன் தண்டும் வீணாவதில்லை: சிறு துண்டுகளாக்கி மழைநீரில் மிதக்கவிட்டு வெளிச்சத்தில் வைத்தால், சில வாரங்களில் அத்துண்டுகளிலிருந்தே குட்டிச்செடிகள் கிளைக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மழைக்காட்டைச் சேர்ந்த அடெலே, தன் மகரந்தத்தால் விதைப்பது அரிது. வேரிலிருந்து கிளைக்கும் கன்றுகளாலேயே அது பெருகுவதால், அதன் பூ கண்ணுக்கு விருந்தேயன்றி விதைக்கு வழி அன்று. நோயுற்ற செடி, இடம்மாற்றி நட்டுச் சில நாளே ஆன செடி, போதிய வெயில் கிடைக்காமல் வெளிறிய செடி ஆகியவற்றிலும், அவை பல்லாண்டு இனமாக இருந்தால், தண்டை நீக்குவது நல்லது. அசுவினிப் பூச்சிகள் இளந்தண்டையும் மொட்டையும் மொய்த்துச் சாற்றை உறிஞ்சுவதுண்டு. மருந்து தெளிப்பதைவிட, தொட்டியோடு செடியை ஒரு நாள் மழைநீரில் மூழ்கவைத்து எடுப்பதே பாதுகாப்பானது.

ராஜபாளையம் வட்டாரத்தில் பருவங்களின் ஒழுங்கு ஒருபருவ இனங்களுக்குச் சாதகமாகவே அமைந்திருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலும், ஆனி, ஆடி மாதங்களில் மலை இடைவெளிகளைக் கடந்து இறங்கி ஈரத்தை உறிஞ்சும் மேல்காற்றும் இலையின் பசைத்துளியை நிற்கவிடா. அக்காலம் முழுதும் செடியை உயிரோடு வைத்திருக்க முயல்வதைவிட, அதை விதையாகவே வைத்திருப்பது அறிவுடைமை. புரட்டாசி இறுதியில் விதைத்தால் பருவமழையோடு முளைத்து, மார்கழி, தை மாதங்களில் பூத்து, மாசிக்குள் காய் முற்றிவிடும். கிழங்குவகையான லுனாட்டாவுக்கு உயர்மலையின் குளிர்ந்த இரவுகள் தேவை என்பதால், சமவெளியில் அதை முயல்வது வீண்வேலை.

வளர்ப்பின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது தண்ணீர். சமவெளியின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகள் சில வாரங்களிலேயே வேரைக் கருக்கிவிடும். மழைநீர், ஆர்.ஓ. நீர், ஏ.சி. கருவியிலிருந்து சொட்டும் நீர் ஆகியவையே ஏற்றவை. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். கருவியில் 50-க்குக் கீழ் இருப்பது நல்லது. ஐப்பசி மழையில் சில குடங்களைப் பிடித்து மூடிவைத்தால் சிறு தொட்டிகளுக்குப் பருவம் முழுதும் போதும். ஊடகமாகப் பீட் பாசிமண்ணோடு சுண்ணாம்பு கலவாத, நன்கு கழுவிய ஆற்றுமணலைச் சமமாகக் கலக்கலாம். எளிதில் கிடைக்கும் தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்துவோர், அதிலுள்ள உப்பு நீங்கும்வரை நல்ல நீரில் பலமுறை ஊறவைத்துப் பிழிந்தபின்னரே பயன்படுத்த வேண்டும். தொட்டியை ஓரிரு சென்டிமீட்டர் நீர் நிற்கும் தட்டில் வைத்து, அடியிலிருந்தே ஈரம் ஏறச் செய்வது, மேலிருந்து ஊற்றிப் பசையையும் விதையையும் அடித்துச்செல்வதைவிட நன்று.

தூசி போன்ற விதைக்கு முளைக்க வெளிச்சம் தேவை. ஆகவே அதை மண்ணால் மூடக் கூடாது. ஒரு சிட்டிகை உலர்மணலோடு கலந்து மேற்பரப்பில் தூவி, கண்ணாடியால் மூடி, ஈரம் காயாமல் காத்தால், பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரங்களில் குண்டூசித் தலையினும் சிறிய நாற்றுகள் தெரியும். ஒருபருவ இனங்கள் பிடுங்கி நடுவதை விரும்பாதவை. எங்கே வளர வேண்டுமோ அங்கேயே விதைப்பது நல்லது. முதல் மாதம் பொறுமை இழந்து உரமோ கூடுதல் நிழலோ கொடுத்துக் கெடுப்போரே மிகுதி.

காய் முற்றுவதைப் பூவிதழ்கள் காய்ந்து கருகுவதைக்கொண்டு மதிப்பிடக் கூடாது. இதழ் உதிர்ந்தபின் சூலகம் பருத்து, பச்சை மாறிப் பழுப்பாகி, நுனியில் பிளவு தோன்றுவதே அடையாளம். இது வெடிகனி வகை. அதாவது உலர்ந்தபின் தானே பிளந்து, மழைத்துளி விழும் வேகத்திலும் காற்றின் அசைவிலும் விதையைச் சிதறவிடும் கனி. அடிக்காய் முதலிலும் நுனிக்காய் கடைசியிலும் முற்றுவதால், முழுத்தண்டும் காயும்வரை காத்திருப்பவர் பாதி விதையை இழப்பார். தண்டில் பாதிக் காய்கள் பழுத்ததும், அதைத் தாளில் மடித்த உறைக்குள் வளைத்துத் தட்டினால் உதிர்வதை முதலில் சேர்த்துக்கொண்டு, சில நாள் கழித்து மீண்டும் தட்டலாம். பிளாஸ்டிக் பைகளில் விதை மின்னேற்றத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பட்டர் பேப்பரே சிறந்தது. நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, இனப்பெயரும் நாளும் எழுதி, மூடிய குப்பிக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்த விதை அடுத்த புரட்டாசிவரை கெடாது. சிறிதளவைத் தொட்டியிலேயே உதிரவிட்டு, அத்தொட்டியைக் கோடையில் உலர்ந்த நிலையில் ஒதுக்கிவைத்து, மழைக்காலத்தில் மீண்டும் நனைத்துப் பார்ப்பதும் பயனுள்ள முயற்சி.

வீட்டில் விதை உற்பத்தி செய்வது காட்டுக்கும் தொடர்புள்ள செய்தி. ஸ்ரீவில்லிபுத்தூரின் சாம்பல்நிற அணில் சரணாலயம் 1988-இல் அமைந்தது. அது மேகமலைச் சரணாலயத்தோடு இணைக்கப்பட்டு, 2021-இல் நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகமாக, 1,016 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்டது. சதுரகிரிக்கு மூலிகை நாடிச் செல்வோரும் செண்பகத்தோப்புக்கும் அய்யனார் கோயில் அருவிக்கும் செல்வோரும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்திலிருந்து அனுமதியின்றிச் செடியை எடுப்பதையும் தடுக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். மேகாலயத்தின் குடுவைச்செடிபோல் அழுகண்ணிக்கு அச்சட்டத்தின் தாவர அட்டவணையில் தனி இடம் கிடைக்கவில்லை என்றாலும், சரணாலய எல்லைக்குள் அதற்கும் இதே காவல் உண்டு. இச்செடிகளில் உள்ள பிளம்பாஜின் முதலிய பொருள்களுக்காக மருத்துவத் துறையில் தேவை இருந்துவருவதால், காட்டிலிருந்து வேரோடு பறிப்பதற்கு மாற்றாக, ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இண்டிகாவைத் திசுவளர்ப்பு முறையில் விரைவாகப் பெருக்கும் வழியை 2008-இல் வெளியிட்டனர். ஆய்வுக்கூடம் இல்லாதவருக்கு அதே பயனைத் தருவது ஒரு தொட்டியும் ஒரு தாளுறையும். பூப்பதற்கு முன் பறிக்கப்படும் ஒவ்வொரு காட்டுச்செடியும் ஒருபருவ இனத்துக்கு ஒரு தலைமுறையின் இழப்பு என்பதால், செடி வேண்டுவோர் காட்டை நாடாமல் வளர்ப்போரிடமிருந்தே விதை பெற வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கேப்பென்சிஸ் தோட்டங்களிலிருந்து தப்பி நிலைபெற்றதால், நியூசிலாந்து அதைப் பரப்பவும் விற்கவும் கூடாத செடிகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆகவே அயல்நாட்டு இனங்களின் பூந்தண்டைக் காய் பழுக்குமுன் வெட்டிவிடுவதும், பழைய தொட்டிமண்ணை ஓடையிலோ கண்மாய்க் கரையிலோ கொட்டாமல் வெயிலில் நன்கு காயவைத்து அப்புறப்படுத்துவதும், மலையடிவாரத்தில் இச்செடிகளை வளர்க்கும் ஒவ்வொருவரும் தவறாது கடைப்பிடிக்க வேண்டியவை.